லினக்ஸ் பூட் ஆகவில்லையா? எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து லாகின் திரை வரும்வரை லினக்ஸ் கணினியில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். முதல் ஆள் மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது யூஇஎஃப்ஐ. அது பூட்லோடரை எழுப்பும். பெரும்பாலும் அது கிரப்பாக இருக்கும். கிரப், லினக்ஸின் மையமான கர்னலையும், அதற்குத் தொடக்கத்தில் தேவையான டிரைவர்கள் அடங்கிய குட்டித் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மெமரியில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவை சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைத் தேடி மவுன்ட் செய்து (அதாவது பயன்படுத்தும்படி இணைத்து), சர்வீஸ்களை எல்லாம் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கும். வரிசையில் நின்று செங்கல் கைமாற்றுகிற மாதிரிதான். செங்கல் உடைந்து கிடந்தால், யார் கையிலிருந்து விழுந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பலர் அதைக் கேட்பதே இல்லை. எது நடந்தாலும் கிரப்பைத் திரும்ப இன்ஸ்டால் செய்கிறார்கள், அதுவும் போதாவிட்டால் மொத்த சிஸ்டத்தையே ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள்.

இங்கே சொல்வது டெபியன், உபுண்டு, மின்ட் குடும்பத்துக்கு அப்படியே பொருந்தும். யூஇஎஃப்ஐ உள்ள மெஷின் என்றே வைத்துக்கொள்கிறேன். கமாண்டுகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சிஸ்டத்தை மாற்றும் கமாண்டுகளுக்கு முன்னால் சுடோ வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: லோகோவை எடுத்துவிடுங்கள். லோகோ சுற்றிக்கொண்டே இருந்தால் அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிரப் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று 'இ' கீயைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அந்த இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் பூட் முழுவதும் எழுத்தாக ஓடும். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், பயப்பட வேண்டாம். மெனுவே வராமல் நேராக ஓடிவிட்டால், ஃபர்ம்வேர் லோகோ மறைந்ததும் எஸ்கேப் கீயை ஒரே ஒருமுறை தட்டுங்கள். பதற்றத்தில் நாலைந்து முறை தட்டினால் 'கிரப்>' என்ற கமாண்ட் வரியில் போய் நின்றுவிடும். அது பழுது அல்ல. 'நார்மல்' என்று அடித்து என்டர் தட்டிவிட்டு, உடனே எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள், மெனு வந்துவிடும்.

அறிகுறி: பூட் ஆகிறது, ஆனால் ஒரு யுகம் ஆகிறது

அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். பலர் 'பழைய லேப்டாப், அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவதும் இதைத்தான். உள்ளே போனதும் டெர்மினலில் 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்று மட்டும் அடியுங்கள். ஃபர்ம்வேர், லோடர், கர்னல், யூசர்ஸ்பேஸ் என்று நான்கு கட்டங்களுக்கும் தனித்தனியாக விநாடி காட்டும். சில மெஷின்களில் முதல் இரண்டு எண்கள் வராது, பரவாயில்லை. எந்த எண் பெரிது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த அடி.

ஃபர்ம்வேர் எண் பெரிதாக இருந்தால் லினக்ஸில் நீங்கள் எதைத் தொட்டும் பயனில்லை. பயாஸ் செட்டிங்கில் போய், நெட்வொர்க் பூட் இருந்தால் அணைத்துவிடுங்கள், ஃபாஸ்ட் பூட்டைப் போட்டுப் பாருங்கள். அவ்வளவுதான். லோடர் எண் பெரிது என்றால் அது பெரும்பாலும் மெனு உங்களுக்காகக் காத்திருக்கும் நேரம். எட்சி ஃபோல்டருக்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் கிரப் என்ற ஃபைல் இருக்கிறது. அதில் கிரப்_டைம்அவுட் மதிப்பைக் குறைத்து 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். பூஜ்யமாக்க வேண்டாம், 2 வையுங்கள். கர்னல் கெட்டுப்போன அன்று அந்த 2 விநாடி தேவைப்படும்.

கர்னல் எண் முப்பது விநாடியைத் தாண்டினால் பாவம் கர்னலைத் திட்டாதீர்கள். டெபியனில் வழக்கமாக உள்ள இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸில், இனிட்ராம்எஃப்எஸ் செலவழிக்கும் நேரமும் கர்னல் கணக்கில்தான் எழுதப்படும். கொயட் இல்லாமல் பூட் செய்து பாருங்கள். 'ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் லோக்கல்-பிளாக்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் 'கேவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸ்' என்று முடிந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஹைபர்னேட் செய்த மெமரி ஏதாவது ஸ்வாப் பார்ட்டிஷனில் (மெமரியில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி வைக்கும் இடம்) இருக்கிறதா என்று அது தேடுகிறது, அந்த ஸ்வாப் இப்போது இல்லை. பக்கத்திலேயே இன்னொரு டிஸ்ட்ரோ, அதாவது வேறொரு லினக்ஸ் வகை, போட்டவர்களுக்கு இது சகஜம். புதிய இன்ஸ்டாலர் ஸ்வாப்பை மறுபடி ஃபார்மேட் செய்யும், அதனால் அதன் யூயூஐடி (ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மாறிவிடும், பழைய டிஸ்ட்ரோவோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.

ஹைபர்னேட் பயன்படுத்தாதவர் என்றால் தேடுவதையே நிறுத்திவிடலாம். எட்சி ஃபோல்டரில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், அதற்குள் கான்ஃப்.டி, அதற்குள் ரெஸ்யூம் என்ற ஃபைல். இல்லையென்றால் புதிதாக உருவாக்குங்கள். உள்ளே ஒரே வரி: 'ரெஸ்யூம்=நன்'. ரெஸ்யூம் பெரிய எழுத்தில், நன் சின்ன எழுத்தில். அப்புறம் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு'. அடுத்த பூட்டில் அந்தக் காத்திருப்பு இருக்காது.

கடைசியாக யூசர்ஸ்பேஸ் எண். இது ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எட்சியில் உள்ள எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறக்கலாம், பூட்டின்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல் அது. ஒரு டிவைஸ் வரும் என்று சிஸ்டம்டி வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் 90 விநாடி. பூட்டின்போது சிவப்பு நட்சத்திரக் குறி அங்குமிங்கும் ஓட, 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார்' என்று தொடங்கும் வரியில் டிஸ்க்கின் யூயூஐடியும் 1 நிமிடம் 30 விநாடி என்ற வரம்பும் தெரியும். எப்போதோ செருகியிருந்த வெளி ஹார்டு டிஸ்க், அல்லது மேலே சொன்ன அதே செத்துப்போன ஸ்வாப். 'பிஎல்கேஐடி' அடித்து இப்போது உண்மையில் இருக்கும் யூயூஐடிகளைப் பாருங்கள், எஃப்எஸ்டேப்பில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். இல்லாததன் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு முடக்குங்கள். அவ்வப்போது செருகும் டிஸ்க் என்றால் ஆப்ஷனில் 'நோஃபெயில்' சேர்த்து, கூடவே 'எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=5' என்றும் எழுதுங்கள். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' ஓட்டிவிடுங்கள். எஃப்எஸ்டேப்பில் தப்பு இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். இந்தக் கமாண்ட் இருப்பது தெரிந்திருந்தால் பலருக்கு எமர்ஜென்சி மோடைப் பார்க்கும் பாக்கியமே கிடைத்திருக்காது.

எஃப்எஸ்டேப் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்' அடியுங்கள். எல்லோரும் 'பிளேம்' என்பதைத்தான் ஓட்டுவார்கள், ஆனால் அந்தப் பட்டியல் ஏமாற்றும். சர்வீஸ்கள் பக்கம் பக்கமாக ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இருபது விநாடி எடுத்த சர்வீஸுக்காக வேறு யாரும் காத்திருக்கவில்லை என்றால் அதனால் நஷ்டமே இல்லை. பிளேம் பட்டியலில் அடிக்கடி முன்வரிசையில் நிற்கும் 'பிளிமவுத்-க்விட்-வெயிட்' அப்படித்தான்: மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா நிற்பது மட்டுமே அதன் வேலை. கிரிட்டிக்கல்-செயினில் 'அட்' குறிக்குப் பின் வரும் எண், அந்த யூனிட் தயாரான நேரம். கூட்டல் குறிக்குப் பின் வருவது, அதற்கு எடுத்துக்கொண்ட நேரம். கூட்டல் எண் எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கேதான் உங்கள் நேரம் போகிறது.

அங்கே 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்' தெரிந்தால், வீட்டு லேப்டாப்பில் 'சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்' போட்டு அணைத்துவிடலாம். வைஃபை வழக்கம்போல் இணையும். அது இணையும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டாம் என்பது மட்டும்தான் மாற்றம். பூட்டிலேயே நெட்வொர்க் டிரைவ் மவுன்ட் ஆக வேண்டிய சர்வர் என்றால் இதைத் தொடாதீர்கள். 'இந்தப் பதினைந்து சர்வீஸையும் மாஸ்க் செய்தால் ராக்கெட் வேகம்' என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். உங்கள் செயினில் இல்லாத சர்வீஸை அணைத்தால் உங்களுக்கு ஒரு விநாடி கூட மிச்சமாகாது, நாலு மாதம் கழித்து பிரின்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி: 'யூ ஆர் இன் எமர்ஜென்சி மோட்'

பத்தில் பாதிக்கு மேல் இதுவும் எஃப்எஸ்டேப் விவகாரம்தான்; நோஃபெயில் இல்லாத வரியின் டிஸ்க் வராவிட்டால், 90 விநாடி பார்த்துவிட்டு சிஸ்டம்டி இங்கே இறக்கிவிடும். ரூட் பாஸ்வேர்டு கேட்டால் கொடுத்து உள்ளே போய், நேனோவில் அந்த வரியை முடக்கி, ரீபூட் செய்யுங்கள். டெபியனை ரூட் பாஸ்வேர்டு இல்லாமல் இன்ஸ்டால் செய்திருந்தால் 'ரூட் அக்கவுன்ட் இஸ் லாக்ட்' என்று கதவைச் சாத்திவிடும். அப்போது கிரப் மெனுவில் 'இ' தட்டி, லினக்ஸ் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' சேர்த்து பூட் செய்யுங்கள். 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' அடித்தால்தான் ஃபைலில் எழுத முடியும். திருத்தி முடித்ததும் 'சிங்க்', பிறகு 'ரீபூட் -எஃப்'. உங்கள் லேப்டாப் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் இதே வழியில் உள்ளே வரலாம் என்பதையும் கவனித்திருப்பீர்கள். டிஸ்க் என்கிரிப்ஷன் எதற்கு என்றால் இதற்குத்தான்.

அறிகுறி: 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற பிராம்ப்டில் நிற்கிறது

கர்னல் வந்துவிட்டது, ரூட் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகவில்லை. மேலே இருக்கும் வரிகளைப் படித்தால் இரண்டில் எது என்று தெரியும். 'ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி' என்று இருந்தால் ஃபைல் சிஸ்டம் கலைந்திருக்கிறது. கரண்ட் போய் திடீரென்று அணைந்த கணினிகளில் இது வழக்கம். பார்ட்டிஷன் பெயர் அதே வரியில் இருக்கும். 'எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2' என்பது போல அடித்து, முடிந்ததும் 'எக்ஸிட்' கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: இது வாரத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கலாம். எஃப்எஸ்சிகேயை மறுபடி மறுபடி ஓட்டுவதற்கு முன், லைவ் பென் டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) பூட் செய்து முக்கியமான ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, 'அலர்ட்! யூயூஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்'. அதே பிராம்ப்டில் 'பிஎல்கேஐடி' அடியுங்கள். டிஸ்க் தெரிகிறது, யூயூஐடி வேறு என்றால் கிரப்பில் 'இ' தட்டி 'ரூட்=' மதிப்பை மாற்றி உள்ளே போய் 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள்; எஃப்எஸ்டேப்பையும் சேர்த்துத் திருத்துங்கள். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் கேபிள் கழன்றிருக்கலாம், பயாஸில் டிஸ்க் மோட் மாறியிருக்கலாம், அல்லது அந்த டிஸ்க்குக்கான டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இல்லை. கடைசிக் காரணம் பெரும்பாலும் 'மாட்யூல்ஸ்=டெப்' போட்டவர்களுக்கு வரும். அது அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை நன்றாகச் சுருக்கிவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் எழாமல் போகலாம்.

அறிகுறி: 'கர்னல் பேனிக்', 'அன்நோன்-பிளாக்(0,0)'

பார்க்கப் பயங்கரமாக இருக்கும். காரணம் பெரும்பாலும் அற்பம்: பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. அப்டேட்டில் புதிய கர்னல் இறங்கியது, அதற்கான இனிட்ராம்எஃப்எஸ்ஸை எழுத இடமில்லாமல் பாதியில் நின்றது. கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலில் பூட் செய்யுங்கள். 'டிஎஃப் -எச் /பூட்' அடித்தால் நூறு சதவீதம் என்று காட்டும். 'ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' ஓட்டுங்கள், பிறகு 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்', 'அப்டேட்-கிரப்'. பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் ஃபைல்களை அழிப்பது வேண்டாம். ஏபிடிக்கு அது தெரியாது, அடுத்த அப்டேட்டில் மறுபடி குழப்பும்.

என்கிரிப்ஷனோ ரெய்டோ இல்லாத சாதாரண லேப்டாப்புக்குத் தனி பூட் பார்ட்டிஷனே தேவையில்லை. அடுத்த முறை இன்ஸ்டால் செய்யும்போது அதை உருவாக்காமல் விட்டாலே இந்த அறிகுறி அநேகமாகத் தலைகாட்டாது.

அறிகுறி: 'கிரப் ரெஸ்க்யூ>' அல்லது வெறும் 'கிரப்>'

இரண்டும் ஒன்றல்ல. ரெஸ்க்யூ என்று வந்தால் கிரப்பால் தன் மாட்யூல்கள் இருக்கும் பார்ட்டிஷனையே கண்டுபிடிக்க முடியவில்லை. விண்டோஸிலிருந்து பார்ட்டிஷனை அழித்தாலோ நகர்த்தினாலோ இப்படி ஆகும். 'எல்எஸ்' அடித்தால் (எச்டி0,ஜிபிடி2) என்பது போல வரிசையாக வரும். ஒவ்வொன்றாக 'எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்' என்று பாருங்கள். ஃபைல்கள் தெரிந்த இடம்தான் உங்களுடையது. 'செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)', 'செட் ப்ரீஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்', 'இன்ஸ்மாட் நார்மல்', 'நார்மல்'. மெனு வந்துவிடும். உள்ளே போனதும் 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' இரண்டையும் ஓட்டினால்தான் அது நிரந்தரம்.

உபுண்டுவில் செக்யூர் பூட்டுக்காக (கையெழுத்துள்ள பூட்லோடரை மட்டும் ஃபர்ம்வேர் உள்ளே விடும் காவல்) கையெழுத்திட்ட கிரப் வருகிறது. தேவையான மாட்யூல்கள் பலவும் அதற்குள்ளேயே இருப்பதால் அது பொதுவாக ரெஸ்க்யூ வரை போகாது, 'கிரப்>' என்று நிற்கும். பூட்லோடர்கள் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷனில் இஎஃப்ஐ, அதற்குள் உபுண்டு என்ற ஃபோல்டரில் கிரப்.சிஎஃப்ஜி என்று மூன்றே வரி ஃபைல் ஒன்று உண்டு. முதல் வரி ரூட் பார்ட்டிஷனின் யூயூஐடியைத் தேடச் சொல்லும், இரண்டாவது ப்ரீஃபிக்ஸை அமைக்கும், மூன்றாவது உண்மையான கிரப்.சிஎஃப்ஜியைப் படிக்கச் சொல்லும். டிஸ்க்கை குளோன் செய்து புதிய எஸ்எஸ்டிக்கு மாறியவர்களுக்கு எல்லா ஃபைலும் பத்திரமாக இருந்தும் பூட் ஆகாததற்குக் காரணம், முதல் வரியில் இருக்கும் அந்தப் பழைய யூயூஐடியாக இருக்கலாம். லைவ் பென் டிரைவில் போய் அந்த ஒரு வரியைத் திருத்தினால் மெனு வரும். அதற்கப்புறமும் பழைய எண் பிடித்து இழுத்தால் லைவில் ரூட்டையும் இஎஸ்பியையும் மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஎச்ரூட்டுக்குள் (லைவிலிருந்தே உங்கள் டிஸ்க்கின் சிஸ்டத்துக்குள் நுழைந்து வேலை செய்யும் வழி) கிரப்-இன்ஸ்டால். ஒன்று மட்டும்: பென் டிரைவ் யூஇஎஃப்ஐ மோடில்தான் பூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். '/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ' என்ற ஃபோல்டர் இருந்தால் ஆகியிருக்கிறது.

அறிகுறி: நேராக விண்டோஸுக்குப் போகிறது, அல்லது கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லை

முதலாவது வெறும் வரிசைப் பிரச்சினை. பூட்டின்போது, பல மெஷின்களில் எஃப்12 (ஹெச்பி என்றால் எஃப்9) அழுத்தி உபுண்டுவைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போய் 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' அடித்தால் எண்கள் தெரியும். 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -ஓ 0003,0000' என்பது போல லினக்ஸ் எண்ணை முதலில் வையுங்கள். பயாஸ் பேட்டரி மாற்றிய பிறகோ பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ லினக்ஸ் பெயரே காணாமல் போகும் போர்டுகளும் உண்டு. அவற்றுக்கு 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64' ஓட்டுங்கள். பென் டிரைவ் போன்றவற்றுக்கான பொது இடத்திலும் ஒரு நகல் வைக்கவா என்று நடுவில் கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். பெயர் அழிந்தாலும் ஃபர்ம்வேர் அந்தப் பொது இடத்தைத் தானாகத் தேடும்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு 'எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்ட்' என்று சொல்லி லினக்ஸ் நின்றவர்கள் ஏராளம். கிரப்புக்கு முன் ஓடும் ஷிம் என்ற குட்டி பூட்லோடரின் பழைய பதிப்புகளை செக்யூர் பூட் தடை செய்துவிட்டதால் வந்த வினை அது. செக்யூர் பூட்டை அணைத்து உள்ளே போய், 'எம்ஓகேயூடில் --செட்-எஸ்பிஏடி-பாலிசி டிலீட்' அடித்து, மறுபடி ஒருமுறை லினக்ஸில் பூட் ஆகி, ஷிம்மை அப்டேட் செய்தபின் செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுங்கள்.

கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லாததற்குக் காரணம், 2021இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் வழக்கமாக அணைந்தே இருப்பது. டைம்அவுட் மாற்றிய அதே கிரப் ஃபைலில் 'கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்' என்று எழுதி அப்டேட்-கிரப் ஓட்டினால் வரும். என் கருத்து: அதை அணைந்தபடியே விடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை விண்டோஸ் வேண்டுமென்றால் எஃப்12 போதும். ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் எல்லா டிஸ்க்கையும் துழாவ வேண்டிய அவசியமில்லை.

அறிகுறி: கிரப்புக்குப் பின் கறுப்புத் திரை

கிராஃபிக்ஸ் டிரைவர். லினக்ஸ் வரியில் 'நோமோட்செட்' சேர்த்து உள்ளே போய், சரியான டிரைவரைப் போட்டபின் அதை நீக்கிவிடுங்கள். நிரந்தரமாக வைத்துக்கொண்டு திரை மந்தமாக இருக்கிறது என்று குறைப்படாதீர்கள்.

அறிகுறி: கிரப்பை விட்டு சிஸ்டம்டி-பூட்டுக்கு மாறினேன், இப்போது எழவில்லை

மாறுவதில் தப்பில்லை. கம்மிபூட் என்ற பெயரில் இருந்து 2015இல் சிஸ்டம்டியோடு சேர்ந்த சின்ன பூட்லோடர் இது. யூஇஎஃப்ஐ தவிர வேறெதிலும் ஓடாது. கிரப்பின் நூற்றுக்கணக்கான வரி கான்ஃபிகுக்குப் பதிலாக, கர்னலுக்கு ஒரு குட்டி ஃபைல், அதில் டைட்டில், லினக்ஸ், இனிட்ஆர்டி, ஆப்ஷன்ஸ் என்று சில வரிகள். வேகத்துக்காக மாறுகிறேன் என்றால் மட்டும் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் நேரம் போவது பெரும்பாலும் அங்கே இல்லை. எதையாவது திருத்த வேண்டிய நாளில் எங்கே பார்ப்பது என்று தெரியும், அதுதான் லாபம்.

எழாததற்கு முதல் சந்தேகம் 'ரூட்=' காணாமல் போனது. எட்சியில் கர்னல் ஃபோல்டருக்குள் சிஎம்டிலைன் என்ற ஃபைல் இல்லாவிட்டால், கர்னலை இன்ஸ்டால் செய்யும் ஸ்கிரிப்ட், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் ஆப்ஷன்களையே எடுத்து எழுதிக்கொள்ளும். லைவ் பென் டிரைவிலிருந்து சிஎச்ரூட்டில் செய்திருந்தால் பென் டிரைவின் ஆப்ஷன்கள் உங்கள் மெஷினுக்குள் போயிருக்கும். மெனுவில் (ஸ்பேஸ் கீயை அழுத்திப் பிடித்தால் வரும்) 'இ' தட்டி 'ரூட்=யூயூஐடி=' என்று சரியான மதிப்பைக் கொடுத்து உள்ளே போங்கள். அந்த சிஎம்டிலைன் ஃபைலை எழுதிவிட்டு, கர்னலை மறுபடி கான்ஃபிகர் செய்யுங்கள்.

இரண்டாவது சந்தேகம், இடம். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை இது தானாகப் படிக்காது, அதனால் கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் வழக்கமாக இஎஸ்பிக்கே வர வேண்டியிருக்கும். விண்டோஸ் உருவாக்கிய 100 எம்பி இஎஸ்பியில் இரண்டு கர்னல் வைப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட மெஷினில் கிரப்போடு இருந்துவிடுவதே மேல். 'அப்டேட் ஆகிறது, ஆனால் யூநேம் -ஆர் பழைய கர்னலையே காட்டுகிறது' என்பதும் இதே இடப் பற்றாக்குறையாக இருக்கலாம். 'பூட்சிடிஎல் லிஸ்ட்' அடித்துப் புதிய கர்னல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

செக்யூர் பூட் போட்டிருந்தால், கையெழுத்து இல்லாத பூட்லோடரை ஃபர்ம்வேர் உள்ளேயே விடாது, அதையும் பாருங்கள். புதியது நாலைந்து முறை ஒழுங்காக எழும்வரை கிரப்பை நீக்க வேண்டாம். இரண்டும் ஒரே இஎஸ்பியில் சண்டையில்லாமல் இருக்கும், எது வேண்டும் என்பதை எஃப்12 மெனுவில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.